கணேஸ்வரன் கேட்ட மருந்து

தனி அறைக்கு மாற்றியதிலிருந்து கணேஸ்வரனுக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது. மலாக்காவில் ஒரு மருத்துவமனை வார்டின் கடைசி அறை அது. உள்ளே வருகிற எல்லோரும் மஞ்சள் பிளாஸ்டிக் அங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டு வந்தார்கள்.

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவன் அவன். மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்ததில் முதுகுத்தண்டு நொறுங்கி, நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லாமல் போயிற்று. சிறுநீர் குழாய் வழியாகப் பையில் இறங்கியது. வீட்டில் இருந்த மாதங்களில் அந்தப் பையில் நீர் சற்றுக் கலங்கினால் போதும், மனைவி பவானேஸ்வரியைக் கிளினிக்குக்கு விரட்டி ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொள்வான். கிளினிக் டாக்டர் கொடுக்கத் தயங்கினால் அவரிடமே போனில் கத்துவான்.

இப்போது வார்டில் சேர்ந்தது, கைகளை ஊன்றித் தன்னைத்தானே சக்கர நாற்காலிக்கு மாற்றிக்கொள்ளப் பழகுவதற்காக. சேர்ந்ததும் எடுத்த சோதனையில், வழக்கமான மருந்துகள் எதற்கும் அசையாத கிருமி ஒன்று அவன் உடம்பில் குடியிருப்பது தெரிந்தது. மற்றவர்களுக்குப் பரவிவிடும் என்று தனி அறையில் போட்டு, பயிற்சி நடக்கும் ஜிம்முக்கும் தடை போட்டுவிட்டார்கள்.

"கிருமி இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் மருந்து கொடுக்க என்ன, டாக்டர்?"

டாக்டர் மரீஹா மலாக்காவில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். எத்தனை தடவை கேட்டாலும் குரலை உயர்த்தாதவள்.

"இருக்குண்ணே. ஆனா அது உங்கள ஒண்ணும் செய்யல. காய்ச்சல் இல்ல, குளிர் இல்ல. டியூப் போட்டவங்க யூரின்ல கிருமி இருக்கத்தான் செய்யும். இப்ப கொடுத்தா கொஞ்ச நாள் அடங்கும், அப்புறம் இன்னும் முரட்டுக் கிருமியா வரும். நெஜமா காய்ச்சல் வந்தா என் கையில கொடுக்க மருந்து மிஞ்சாது."

"அதுவரைக்கும் நான் இந்தக் கோழிக்கூண்டுல கெடக்கணுமா?"

அவள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனாள். அது அவனை இன்னும் கொதிக்க வைத்தது.

ஒரு மத்தியானம் திடீரென்று அவனுக்கு மண்டை பிளப்பதுபோல் வலித்தது. முகமெல்லாம் சிவந்து வியர்த்துக் கொட்டியது. உணர்வற்ற கால்கள் தாமாகத் துள்ளின. பவானேஸ்வரி ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தாள்.

"பாருங்க! கிருமி மேல ஏறிருச்சு!" என்று அவன் கத்தினான். "இப்பவாவது ஊசி போடுங்க!"

மரீஹா ஊசியைத் தேடவில்லை. படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி அவனை நிமிர்த்தி உட்கார வைத்தாள். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தாள், எகிறியிருந்தது. காய்ச்சல் இல்லை. மரீஹா போர்வையை விலக்கிக் குழாயைத் தடவிக்கொண்டே வந்தாள். அவன் தொடைக்கடியில் அது மடங்கி நசுங்கியிருந்தது. நிமிர்த்திவிட்டதும் சிறுநீர் சரசரவென்று பையில் இறங்கியது. சற்று நேரத்தில் தலைவலி விட்டது.

"அடைச்சுப்போச்சுண்ணே. உங்க உடம்பு வலின்னு சொல்ல முடியாம இப்படிச் சொல்லுது. இதுக்கு ஆன்டிபயாட்டிக் போட்டிருந்தா, டியூப் அப்படியே நசுங்கித்தான் இருந்திருக்கும்."

அவள் சொன்னது சரிதான். சரியாக இருந்ததே அவனுக்குப் பொறுக்கவில்லை. அவள் போனதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஏன்தான் அந்த மருந்துக்கு இப்படி அடம் பிடிக்கிறீங்க?" என்றாள் பவானேஸ்வரி.

 அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான்: "காலுக்கு மருந்து இல்லன்னுட்டாங்க. இதுக்காச்சும் இருக்கும்னு நெனச்சேன்லா."

பவானேஸ்வரி மஞ்சள் அங்கியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை கோபமாக மாற அதிக நேரம் ஆகவில்லை.

"நமக்கு வேண்டியது மருந்தா, ஜிம்மா? ஜிம்முக்குத்தான சண்டை போடணும்!"

அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு வார்டு சிஸ்டரிடம் போனாள். முடியாது என்றார் சிஸ்டர், விதி அப்படி. மறுநாளும் போனாள். மரீஹாவையும் பிடித்தாள். "கிருமிய வெரட்ட முடியாது, சரி. அதுக்காக இவர் கை பழகக் கூடாதா?"

"எனக்கே இது தோணியிருக்கணும்க்கா," என்றாள் மரீஹா. தொற்றுத் தடுப்பு நர்சிடம் அவளே பேசினாள். நிர்வாகத்துக்குக் கடிதம் போயிற்று, பதில் வரவில்லை. திரும்பப் பேசினாள். ஒருவழியாக ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: மற்ற நோயாளிகள் எல்லோரும் போன பிறகு கடைசியாக அவன் வரலாம், தொட்டதையெல்லாம் பின்னால் துடைத்துவிடுவார்கள்.

முதல் நாள் ஜிம் காலியாக இருந்தது. பயிற்சி கொடுக்கும் நிவேந்திரன் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, நாற்காலிக்கும் மெத்தைக்கும் நடுவே, சறுக்கி மாறுவதற்கு ஒரு வழவழப்பான பலகையை வைத்தான். கணேஸ்வரன் கைகளை ஊன்றி எழும்பினான். பாதியில் தோள் நடுங்கி, மூட்டைபோல் பக்கவாட்டில் சரிந்தான். நிவேந்திரன் தாங்கிப் பிடித்தான்.

"இவ்வளவு நாள் சும்மா படுக்கப் போட்டா கை எங்க இருக்கும்?" கணேஸ்வரன் பற்களைக் கடித்தான். "கழுதையாட்டம் கெடந்திருக்கேன்."

"போதும்ணே, நாளைக்குப் பார்ப்போம்."

"நாளைக்கு என்ன நாளைக்கு? பலகைய நேரா வைப்பா."

நிவேந்திரன் வைத்தான்.