அவர் கால் நுழையாத வண்டி

சோபா தைப்பவர் தன் கையால் கட்டிய கார் நிற்கும்போது ராஜா மாதிரி இருக்கும். மேடு ஏறும்போதுதான் பரிதாபம்.

அது அசல் பழைய கார் இல்லை, நகல்தான். தாத்தா காலத்துப் பணக்காரர்கள் வைத்திருந்த, கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய நீள மூக்குக் கார் ஒன்றை அப்படியே பார்த்துச் செய்தது. மேலே ஃபைபர் உடம்பு. அடியில் ஒரு குட்டிக் காரின் சட்டமும் அதே குட்டிக் காரின் எஞ்சினும். முகப்பில் இரண்டு பெரிய உருண்டை விளக்குகள். பக்கவாட்டில் அலை மாதிரி வளைந்து இறங்கும் மட்கார்டுகள். கரும்பச்சைப் பெயின்ட். சீட்டை மட்டும் வேறு யாரையும் தொடவிடவில்லை. ஊரார் சோபாவுக்கெல்லாம் வேகமாகத் தைத்துத் தள்ளுகிறவர், இந்தச் சீட்டில் ஒரு தையல் கோணினாலும் மொத்தத்தையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஆனால் சாவியைத் திருகினால் வரும் சத்தம் இருக்கிறதே, அதுதான் மானத்தை வாங்கியது. "சோபாக்காரர் தையல் மிஷினுக்குச் சக்கரம் மாட்டிட்டாரு" என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பி, அது அவர் காதுக்கும் வந்து சேர்ந்தது.

அவர் மனைவி டவுன் பஸ் டிரைவர். வாரம் பூராவும் நெரிசலான சாலைகளில் பெரிய பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போகிறவள். விடுமுறை நாளில் தலையில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்காருவாள். "பாவம், மத்த நாளெல்லாம் ஸ்டீயரிங்கோட மல்லுக்கட்டுறா. இன்னிக்காவது கையைக் கட்டிக்கிட்டு உட்காரட்டும்" என்பது அவர் எண்ணம். வண்டி வந்த நாளிலிருந்து அவள் ஒரு தடவைகூட அதை ஓட்டியதில்லை. ஓட்டுகிறாயா என்று அவர் கேட்டதும் இல்லை.

ஊருக்கு வெளியே ஒரு குன்றுச் சாலை உண்டு. அதைத் தாண்டினால் ஏரி. ஒரு விடுமுறை நாளில் ஏரிக்குப் போகலாம் என்று கிளம்பினார்கள். பாதி மேட்டில் வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. மூன்றாவது கியர், இரண்டாவது கியர், கடைசியில் முதல் கியருக்கு வந்து நின்றது. சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் மணியடித்துவிட்டு அவர்களைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் வண்டியை ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டும் போனார்.

"என்னங்க, நான் இறங்கிக்கவா?" என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"வண்டிக்குக் கொஞ்சம் பாரம் குறையும்ல."

இறங்கினாள். வண்டி ஓரமாகவே நடந்தாள். அவள் நடைக்கு வண்டி சரியாக ஈடுகொடுத்தது. கதவில் கையை வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் வீட்டுக்கு வரப்போகும் அவள் தம்பியைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டே வந்தாள். கொஞ்ச தூரத்தில் ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பி வண்டி நின்றே போனது. அவள் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, அடக்கமாட்டாமல், கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். அவரும் கூடச் சிரித்துப் பார்த்தார். வாய் சிரித்தது, உள்ளே சுருக்கென்றது. அன்றைக்கு அவர்கள் ஏரியைப் பார்க்கவில்லை.

மச்சினன் ஆம்புலன்ஸ் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் மெக்கானிக். வந்ததும் பானெட்டைத் திறந்து பார்த்தான். ஒவ்வொரு குழாயாகத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"என்ன மாப்ளே, சொல்லு."

"மச்சான், உள்ள இருக்கிறது எஞ்சின் இல்ல, மனசாட்சி. உறுத்தும், இழுக்காது."

"கிண்டல் பண்ணாத. வழி இருக்கா, இல்லையா?"

வழி இருந்தது. பின்பக்கம் இடி வாங்கி நொறுங்கிப்போன ஒரு பெரிய காரிலிருந்து ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை மச்சினன் பிடித்துவந்தான். அந்தக் காரின் முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. சோபாப் பட்டறையின் பாதியைக் காலி செய்து, ஸ்பாஞ்சுக் கட்டுகளை எல்லாம் ஒரு சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கி, நடுவில் காரை நிறுத்தினார்கள். உத்தரத்தில் மாட்டிய செயின் பிளாக்கில் பழைய எஞ்சினைத் தூக்கி எடுத்தபோது அது ஒரு பிரஷர் குக்கர் மாதிரி ஆடிக்கொண்டு வெளியே வந்தது. புதிய எஞ்சினைத் தூக்கியபோது உத்தரமே முனகியது.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, எஞ்சினை மாற்றுவது என்றால் எஞ்சினை மட்டும் மாற்றுவது இல்லை என்று. கனம் கூடியதால் முன் ஸ்பிரிங்குகளை மாற்ற வேண்டியிருந்தது. வேகம் கூடும் என்பதால் பிரேக்கை மாற்ற வேண்டியிருந்தது. சூடு கூடும் என்பதால் ரேடியேட்டரையும். எஞ்சின் உட்காரும் தாங்கிகளை அளந்து, வெட்டி, வெல்டிங் வைத்தார்கள். சாயங்காலங்களில் மனைவி பஸ் டிப்போவிலிருந்து காக்கிச் சட்டையோடு நேரே பட்டறைக்கு வந்து விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வெல்டிங் புகைக்கு நடுவே மச்சினனும் அவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதைக் கேட்பது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கடைசியில் பானெட்டை மூடினால் மூடவில்லை. எஞ்சினின் தலை உள்ளங்கை அகலம் மேலே துருத்திக்கொண்டு நின்றது.

"இந்த இடத்துல ஒரு ஓட்டை போட்டு, மேல ஒரு மூடி வச்சிடலாம் மச்சான். சின்ன வேலை."

சோபாக்காரர் பதறிவிட்டார். "என்னது, ஓட்டையா? அந்த மூக்குதான்டா வண்டியே! அதுல போய்க் கொப்புளம் வச்ச மாதிரி மூடி வைக்கச் சொல்றியே, உனக்கு மனசு எப்படி வருது?"

"அப்ப எஞ்சினை இறக்கணும். இறக்கினா முன் அச்சுல இடிக்கும். அதனால பின்னாடி தள்ளணும். பின்னாடி தள்ளினா..."

"தள்ளு. எவ்வளவு வேணா தள்ளு. பானெட்டைத் தொடாதே."

"யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"ஒண்ணும் சொல்லமாட்டேன்."

எஞ்சினைப் பின்னால் தள்ளினார்கள். எஞ்சினுக்கும் ஆளுக்கும் நடுவில் இருக்கும் தகரச் சுவரை வெட்டி உள்ளே நகர்த்தினார்கள். கியர்பாக்ஸும் புகைக்குழாயும் டிரைவர் கால் வைக்கும் பக்கம் வந்து இடத்தை அடைத்துக்கொண்டன. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் மூன்றும் கூட்டமான பஸ்ஸில் நிற்கிற ஆட்கள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பானெட் மட்டும் வழுவழுவென்று, ஒரு குறையும் இல்லாமல் மூடியது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே சோபாக்காரர் வேறு எதையும் கவனிக்கவில்லை.

அவர் ஆள் வாட்டசாட்டம். கால் அதற்கு மேல். செருப்புக் கடையில் அவர் அளவுக்கு எப்போதும் உள்ளேபோய்த் தேடித்தான் எடுத்துவருவார்கள்.

முதல் ஓட்டம் அன்று சாவியைத் திருகினார். பட்டறையின் தகரக் கூரை அதிர்ந்தது. தையல் மிஷின் சத்தம் போய், அடித்தொண்டையிலிருந்து ஒரு உறுமல். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டியா மாப்ளே? கேட்டியா?" என்று சொல்லிக்கொண்டே கியரைப் போட்டு மெதுவாக நகர்த்தினார். நாலடி போனதும் நிறுத்தலாம் என்று பிரேக்கை மிதித்தார். அந்த அகலமான பாதம் பிரேக்கோடு ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதித்தது. வண்டி ஒரு துள்ளுத் துள்ளிப் பாய்ந்தது. பயந்துபோய் இன்னும் அழுத்தி மிதித்தார், இன்னும் பாய்ந்தது.

நல்லவேளை, எதிரே சுவருக்கு முன்னால் ஸ்பாஞ்சு. ராஜா மாதிரியான கார் அந்த அடுக்குக்குள் பொத்தென்று புகுந்து நின்றது. மேலே இருந்த கட்டுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து அவர் தலையில் விழுந்தன. மச்சினன் ஓடிவந்து, மஞ்சள் ஸ்பாஞ்சுக் குவியலைக் கையால் விலக்கி விலக்கித் தேடினான்.

"மச்சான்! இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பானெட்டுக்கு ஏதாவது ஆச்சா பாரு."

பானெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் செருப்பைக் கழற்றிப் பார்த்தார், வெறுங்காலோடு பார்த்தார், காலைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். எப்படி வைத்தாலும் ஒரே மிதியில் இரண்டு பெடல் மாட்டியது. சீட்டைப் பின்னால் தள்ளலாம் என்றால் முதுகுக்குப் பின்னாலேயே பெட்ரோல் டேங்க்.

அந்த நேரம் டியூட்டி முடிந்து மனைவி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கைப்பையைத் தையல் மேஜைமேல் வைத்தாள்.

"தள்ளுங்க, நான் எடுத்து விடறேன்."

உட்கார்ந்தாள். அவளுடைய சின்னப் பாதத்துக்கு அந்த இடம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ரிவர்ஸ் எடுத்து, ஸ்பாஞ்சிலிருந்து வெளியே வந்து, தையல் மேஜைக்கும் மரச்சட்டங்களுக்கும் நடுவே ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வளைத்துத் திருப்பி, வாசலைப் பார்த்து நிறுத்தினாள். நிறுத்தியும் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு மச்சினன் டீ வாங்கி வருகிறேன் என்று நழுவினான்.

"இவ்வளவு ஆசையா உனக்கு?" என்றார் சோபாக்காரர். "சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே. உங்க வண்டிய என்னை நம்பித் தரமாட்டீங்கன்னு நினைச்சேன்."

"ஐயோ! அப்படியெல்லாம் இல்ல. மத்த நாள் பூரா ஓட்டுறியே, லீவு நாள்லயாவது ஓய்வா இருக்கட்டும்னு..."

"நான் ஓட்டுறது பஸ்ஸுங்க. ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிறுத்துறதுதான் என் வேலையே. எங்கயும் நிறுத்தாம ஒரு தடவை போய்ப் பார்க்கணும்னு எனக்கு இருக்காதா?"

கேட்டிருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். இருந்தாலும் மனசு அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்குமா? இரண்டு மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். நம் கையால் கட்டிய வண்டியில் நம் கால் நுழையவில்லையே என்று ஒரு ஆற்றாமை. அதைப் பார்த்து மச்சினனே பேச்சை எடுத்தான்.

"மச்சான், இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. பானெட்டுல ஓட்டை போட்டா எஞ்சினை முன்னாடி கொண்டுவந்திடலாம். பழையபடி நீங்களே ஓட்டலாம்."

சோபாக்காரர் ராத்திரி பூரா புரண்டு படுத்துவிட்டு, காலையில் எழுந்துபோய்த் துணி வெட்டும் சாக்குக்கட்டியால் தானே பானெட்டின்மேல் ஒரு கட்டம் வரைந்தார். மனைவி டியூட்டிக்குக் கிளம்பும் வழியில் அதைப் பார்த்தாள். "உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை உறுத்தியது.

வெட்டுவதற்கு முன்னால் பிரேக்கைச் சாலையில் ஒரு தடவை சோதித்துவிட வேண்டும் என்றான் மச்சினன். அவள் விடுமுறை நாளில் அவள்தான் ஓட்டினாள். சோபாக்காரர், தன் கையால் தைத்த அந்த இடது சீட்டில் முதல்முதலாக உட்கார்ந்தார். தெருமுனை வரைக்கும் தரையை மிதித்து மிதித்துப் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார்.

"அங்க பிரேக் இல்லங்க" என்றாள் அவள்.

"தெரியும். காலுக்குத் தெரியலையே."

குன்றுச் சாலை வந்தது. அவள் கியரை மாற்றி ஒரே சீராக ஏற்றினாள். வண்டி முனகவில்லை, திணறவில்லை. பெரிய மனுஷன் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறியது. சோபாக்காரர் சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் ஓட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. வளைவு வருவதற்கு முன்பே கண் அங்கே போய்விடுகிறது. உதடு லேசாகக் குவிகிறது. வளைவு முடிந்ததும் ஒரு சின்னச் சிரிப்பு, யாருக்காகவும் இல்லாமல், தனக்குத்தானே. இதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

உச்சியைத் தாண்டியதும் கீழே ஏரி விரிந்து கிடந்தது. "நிறுத்தட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம், போ" என்றார். "எங்கயும் நிறுத்தாதே."

ஏரியைச் சுற்றிக்கொண்டு, அவர்கள் இதுவரை போகாத சாலைகளில் போய், பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டபிறகுதான் ஒரு பங்க்கில் நிறுத்தினாள். அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அவர் சட்டைக் கைப்பகுதியை நனைத்து, பானெட்டின் மேலிருந்த சாக்குக்கட்டிக் கோட்டைத் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார். பெட்ரோல் போடுகிற பெண் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கு சார். எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்டாள்.

"டிரைவர் அம்மா வராங்க பாரு, அவங்களைக் கேளு" என்று சொல்லிவிட்டு, அவர் தன் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறிக் காலை நன்றாக நீட்டி உட்கார்ந்துகொண்டார்.