வனமாமலை சாரின் விசில்

ஏசுவடியானின் இடது காதுக்குள் விசில் கேட்கத் தொடங்கியது ஈஸ்டர் முடிந்த வாரத்தில். ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் அவனுக்கு வேலை. ஒவ்வொரு அடியும் நெஞ்சுக்கூட்டுக்குள் விழுகிற மாதிரி இருக்கும் என்பான். ஷிப்ட் முடிந்து வந்த பிறகும் கொஞ்ச நேரம் காது இரைவது முன்பே உண்டு. இந்த முறை அந்த இரைச்சல் அடங்கவில்லை. மெலிந்து, நீண்டு, விசிலாகி, அங்கேயே குடியேறிவிட்டது. அந்தக் காதும் நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டு வந்தது.

அவன் அதற்கு ஒரு பெயர் வைத்தான். வனமாமலை சார். ஊரில் அவன் படித்த பள்ளிக்கூடத்தின் டிரில் வாத்தியார் அவர். மைதானத்தின் எந்த மூலையில் எவன் உட்கார்ந்தாலும் விசில் பறக்கும். சாப்பிடும்போதுகூட விசிலைக் கழுத்திலிருந்து கழற்றமாட்டார். அவர் இறந்து வருஷக்கணக்காகிவிட்டது. "செத்தும் விட மாட்டுக்காரு மனுசன்" என்று சொல்லிச் சிரிப்பான் ஏசுவடியான்.

அந்தச் சிரிப்புக்குள் என்ன இருக்கிறது என்பது அவன் மனைவி ஜெர்சிக்குத் தெரியும். அவன் கான்ட்ராக்ட் ஆள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் சிலரை நிரந்தரமாக்கி கம்பெனி ரோலில் எடுக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. காது கேட்கவில்லை என்று தெரிந்தால் பிரஸ் ஷாப் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். அதனால் மறைத்தான். ஆட்களை வலது பக்கம் வைத்துக்கொண்டே பேசினான். கேட்காததற்கெல்லாம் தலையாட்டினான். பேசுகிறவரின் வாயையே உற்றுப் பார்த்தான். எங்காவது மாட்டிக்கொண்டால் வனமாமலை சாரை எடுத்துவிட்டுத் தப்பித்தான்.

அவர்கள் குடியிருந்தது பிள்ளைப்பாக்கத்தில் கிரேசியக்காவின் மாடியில். கிரேசியக்கா நல்லவள். தெற்கிலிருந்து வந்த புதிதில் ஜெர்சி டைபாய்டில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னவள். ஏசுவடியான் ஷிப்ட் முடிந்து படியேறும்போது கூப்பிட்டு ஒரு டம்ளர் டீ கொடுப்பது, அவர்கள் குடிவந்த நாள் முதல் அவளுக்கு வழக்கம். அவள் மகன் டென்னிஸும் அதே கம்பெனியில்தான், குவாலிட்டியில். அந்த வருஷம் லைனுக்கு ஒருவரைப் பொறுக்கி ஒருநாள் வகுப்பு நடத்திப் பச்சை பேட்ஜ் கொடுத்தார்கள். பேட்ஜில் 'மனநலத் தோழன்' என்று எழுதியிருந்தது. டென்னிஸ் அதை வீட்டுக்கு வரும்போதும் குத்திக்கொண்டு வந்தான்.

ஒருநாள் கேன்டீனில் டென்னிஸ் வந்து ஏசுவடியானின் இடது பக்கத்தில் உட்கார்ந்தான். ஏதோ சொன்னான். பதில் இல்லை. தோளைத் தொட்டதும் ஏசுவடியான் திடுக்கிட்டுத் திரும்பி, வனமாமலை சார் விசிலடித்துக்கொண்டிருந்தார், நீ சொன்னது கேட்கவில்லை தம்பி என்றான். அது யார், எந்த லைன் என்று டென்னிஸ் கேட்டான். எங்க வாத்தியார், செத்துப் போய்விட்டார் என்று சிரித்தான் ஏசுவடியான். டென்னிஸ் சிரிக்கவில்லை. இல்லாத ஆளின் குரல் கேட்கிறவர்களைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஜெர்சியைக் கீழே கூப்பிட்டார்கள். கிரேசியக்கா கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"அண்ணி, அண்ணனுக்கு எத்தினி நாளா கொரல் கேக்குது?" என்றான் டென்னிஸ்.

ஜெர்சிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. இரண்டு பேர் முகத்தையும் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவனுக்குக் கொடுத்த வாக்கை அந்த இடத்திலேயே உடைத்தாள்.

"அது கொரல் இல்லப்பா, வெறும் எரைச்சல். அவியளுக்கு எடது காது கேக்க மாட்டுக்கு. கம்பெனில மட்டும் சொல்லிராத."

டென்னிஸ் பொறுமையாகத் தலையை ஆட்டினான். அப்படி ஆட்டவும் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. "வூட்டு ஆளுங்க மொதல்ல ஒத்துக்க மாட்டாங்கன்னு கிளாஸ்ல மேடமே சொன்னாங்க அண்ணி. ஒங்க மேல தப்பில்ல."

பிறகு அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. திடீரென்று கத்திப் பேசுகிறார். எதிரில் நிற்பவர் முகத்தையே முறைக்கிறார். தலையைச் சாய்த்து எதையோ கேட்கிறார். கூட்டத்தில் சேராமல் தனியாகப் போய் நிற்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஜெர்சியிடம் பதில் இருந்தது. கேட்காதவன் எப்படித் திரும்புவான், தன் குரலே தனக்குக் கேட்காதவன் கத்தாமல் என்ன செய்வான் என்று அவள் சொல்லச் சொல்ல, கிரேசியக்கா அவள் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆள் போன வீட்டாரைப் பிடிக்கிற மாதிரி அந்தப் பிடி.

"என் தம்பி ஸ்டீவுக்கும் இப்டித்தாம்மா இருந்திச்சி. கடவுள் புண்ணியத்துல இன்னிக்கு ஆவடில கடை வச்சிக்கினு கீறான். எல்லாம் இந்த மாத்திர." முந்தானையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். "அவருக்குத் தெரியாம கொழம்புல போட்டுக் குடு. கேட்டா எனக்கு ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவாரு. அதான் இந்த நோயே."

ஜெர்சி அட்டையைத் தொடவில்லை. சனிக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் காது டாக்டரைப் பார்க்கப் பெயர் கொடுத்திருக்கிறோம், அவர் சொல்கிறபடி செய்துகொள்கிறோம் அக்கா என்று எழுந்துவிட்டாள்.

"காது டாக்டரு இன்னாம்மா பண்ணுவாரு, பாவம்" என்றாள் கிரேசியக்கா. அதில் கேலி இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

அந்த வாரம் முழுக்க கம்பெனியில் ஏசுவடியானைச் சுற்றி ஏதோ மாறியது. கட்டர் கத்தியை அவன் கைக்கெட்டாத இடத்தில் வைத்தார்கள். அவன் சொன்னதற்கெல்லாம் சரிண்ணா சரிண்ணா என்றார்கள். எப்போதும் அவன் காலை வாரிக்கொண்டிருந்த, கூட வேலைபார்க்கிற ரகுகூட ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவனிடம் மெதுவாகப் பேச வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது என்று டென்னிஸ் லைன் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். பிரஸ் ஷாப்பில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். அந்தக் கத்தலில்தான் அவன் இதுவரை ஒப்பேற்றிக்கொண்டிருந்தான். அது போனதும் பாதிச் செவிடாக இருந்தவன் முழுச் செவிடானான்.

"எல்லாவனும் என்கிட்ட குசுகுசுன்னு பேசுதாங்கட்டி. என்ன சங்கதி?" என்று வீட்டுக்கு வந்து கேட்டான்.

ஜெர்சி அவனுடைய வலது பக்கம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை அட்டையைப் பற்றியும் சொன்னாள். அவன் சிரித்தான். பாதியிலேயே சிரிப்பு கழன்று விழுந்தது.

"எனக்குக் கோட்டியாட்டி? பைத்தியம்னா சொல்லுதாங்க?"

"நீங்க ஒண்ணு. சனிக்கிழம டாக்டர் எழுதிக் குடுத்தா வாயடைச்சிப் போவாங்க."

"இல்லட்டி. எனக்குக் கோட்டி இல்லன்னு நான் போயிச் சண்ட போட்டா, அதயும் கோட்டின்னுதான சொல்லுவாங்க? சும்மா இருந்தாலும் பாத்தியா, பேசவே மாட்டுக்கான்னு சொல்லுவாங்க." இடது காதை உள்ளங்கையால் தட்டினான். "வனமாமலை சார் இப்படி மாட்டிவிட்டுட்டாரே."

கீழே போய் எதுவும் கேட்க வேண்டாம், சனிக்கிழமை வரை பொறுத்துக்கொள்வோம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். டீயையும் அவன் நிறுத்தவில்லை. திடீரென்று வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள் என்று நினைத்தான்.

வியாழக்கிழமை அவனுக்கு நாக்குக் குழறியது. வெள்ளிக்கிழமை மாடிப்படியில் கால் இடறிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. காது உள்ளே கெட்டுப்போனால் தலை சுற்றும் என்று யாரோ சொன்னது ஜெர்சிக்கு ஞாபகம் வந்தது. நாளைக்கு டாக்டரிடம் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஜெர்சிக்கு அவள் வேலைபார்க்கிற கம்பெனியில் காலை ஷிப்ட். முடித்துவிட்டு நேராக ஸ்ரீபெரும்புதூர் ஸ்டாப்பில் வந்து நின்றாள். அவன் பஸ்ஸில் வந்து எதிர்ப்பக்கம் இறங்குவதாக ஏற்பாடு. சொன்னபடி இறங்கினான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், கோயிலுக்குப் போடுகிற சட்டை. நடை சரியில்லை என்பது இங்கிருந்தே தெரிந்தது. கம்பத்தைப் பிடித்துக் கொஞ்சம் நின்று, முதல் பாதி ரோட்டைக் கடந்து, நடுத்தடுப்பில் ஏறி நின்றான். அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

மீதி ரோட்டில் வண்டிகள் அவனுக்கு இடது பக்கமிருந்து வரும். இடது பக்கம்தான் வனமாமலை சாருடையது. கம்பெனி பஸ் ஒன்று வேகமாக வந்துகொண்டிருந்தது. ஹாரன் அலறியது. ஒரு காது மட்டும் கேட்கிறவனுக்குச் சத்தம் கேட்கும், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாது. ஏசுவடியான் வலது பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே ரோடு காலியாக இருந்தது.

நில்லுங்க, நில்லுங்க என்று ஜெர்சி கத்தினாள். அவள் வாய் அசைவதை அவன் பார்த்தான். ஏதோ சொல்கிறாள் என்று புரிந்துகொண்டான். வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, என்ன என்று கேட்பதுபோல முகத்தை நீட்டி, அவளை நோக்கி இறங்கி வந்தான்.

உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, மாலையில் போலீஸ் ஸ்டேஷனில் ஜெர்சியை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கிரேசியக்காவும் டென்னிஸும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேரும் உண்மையாகவே அழுதார்கள். டென்னிஸின் சட்டையில் பேட்ஜ் இருந்தது. எஸ்.ஐ. திருமலை வயதானவர், குரல் தணிந்த மனிதர். பஸ் டிரைவர் என்ன சொல்கிறார் என்பதை ஜெர்சியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஹாரன் அடித்தும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே வந்து விழுந்தாராம். வீட்டில் ஏதாவது பிரச்சினையா, மனக்கஷ்டமா என்று கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் டென்னிஸ் முன்னால் வந்தான். மெதுவாக, பக்குவமாகச் சொன்னான். அவருக்குக் கொஞ்ச நாளாகவே குரல் கேட்கும் சார், செத்துப்போன ஒருத்தர் கூப்பிடுகிற மாதிரி. எஸ்.ஐ. பேனாவை எடுத்தார்.

"கூப்பிடலை" என்றாள் ஜெர்சி. "சார், அது டிரில் வாத்தியாரு விசிலு. காது எரைச்சலுக்கு அவிய வச்ச பேரு, வெளயாட்டுக்கு. எடது காது அவியளுக்குக் கேக்காது. அந்தப் பக்கமிருந்துதான் பஸ் வந்துச்சு. காது டாக்டரப் பாக்கத்தான் ரோட்டக் கடந்தாவ. சாகணும்னு நெனைக்கவன் எதுக்கு சார் டாக்டர்ட்ட வாறான்?"

எஸ்.ஐ. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதை நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் அப்படித் தயங்கியது கிரேசியக்காவுக்குத் தாங்கவில்லை. தன் பிள்ளையைப் பொய்க்காரனாக்குகிறார்களே என்று பட்டிருக்க வேண்டும்.

"இவ பொண்டாட்டி சார், அவளுக்கு மனசு ஒத்துக்கல. நோவு இருந்திச்சி சார். இல்லாமலா நாங்க மாத்திர குடுத்துக்கினு இருந்தோம்? பொதன்கெழமலருந்து டெய்லி டீல நானே கரச்சிக் குடுத்தேன். இன்னிக்குப் பொறப்படறதுக்கு முன்னாலகூட ரெண்டு போட்டுக் குடுத்தேன், வழில எதுவும் பண்ணாம இருக்கட்டும்னு."

தான் சொன்னது என்ன என்பது கிரேசியக்காவுக்கு இன்னும் எட்டவில்லை. ஈரக் கண்ணோடு ஆதரவு தேடி மகனைப் பார்த்தாள். டென்னிஸின் கை பேட்ஜின் மேல் போய் நின்றது.

எஸ்.ஐ. பேனாவைத் திருப்பிப் பிடித்தார். "எந்த டாக்டர் குடுக்கச் சொன்னாரு?"

டென்னிஸ் ஏதோ சொன்னான். உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமாச் சொல்லு தம்பி" என்றாள் ஜெர்சி. "ஒருவாரமா மெதுவா மெதுவாப் பேசி, அவிய காதுல ஒண்ணுமே விழல. இப்பமாவது சத்தமாச் சொல்லு."

அவன் சொன்னான். "எந்த டாக்டரும் இல்ல சார்."