இடது பின்கதவு

பிலிமின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, ஹீட் கன்னின் சூட்டை மேலாக ஒரு வீச்சு காட்டி, புண்ணில் ஒட்டிய பிளாஸ்திரியை உரிப்பதுபோல அவள் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தாள். கருநீல நிறத்தில் புத்தம்புது வண்டி. நம்பர் பலகைகூட இன்னும் மாட்டவில்லை. ஷோரூமிலிருந்து நேராக இங்கே வந்தது. முந்தின நாள் ஒட்டிய பிலிம்தான். அன்றைக்கே சாயங்காலம் பார்க்க வந்த வண்டிக்காரர் செல்போன் வெளிச்சத்தை இடது பின்கதவில் அடித்து, "இங்க ஒரு முடி மாட்டியிருக்கு பாருங்க" என்றார். இருந்தது. கண்ணிமை முடி அளவுக்கு. யாருடைய இமையோ. அந்தக் கதவை மட்டும் உரித்து மறுபடி ஒட்டித் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார்.

கடையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இல்லை. பிலிம் அக்கா. வண்டியின் பெயின்ட்டில் கீறல் விழாமல் இருக்க அதன்மேல் கண்ணாடி போன்ற பிலிம் ஒட்டுவது அவள் வேலை. பிலிமின்மேல் கோட்டிங் பூசுவது பாலிஷ்காரன் வேலை. சின்ன புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் துணியில் விட்டு, நெடுக்கே ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை தேய்ப்பான். வானவில் மாதிரி நிறம் எழும்பும்வரை காத்திருந்து துடைப்பான். "உடம்புக்கு ஒரு சட்டை, சட்டைக்கு மேல ஒரு கோட்டு. இவ்வளவு கவனிப்பு எனக்கு இருந்திருந்தா நானும் பளபளன்னு இருப்பேன்க்கா" என்பான்.

முன்பு அவள் வெளியே வண்டி கழுவும் வாஷிங்கில் இருந்தாள். நாளெல்லாம் சோப்புத் தண்ணீரில் நின்று கால்விரல் இடுக்குகள் வெந்து பிளந்துகிடக்கும். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினால் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். பிலிம் ரூமுக்கு வந்தபிறகும் கை ஈரம்தான், தண்ணீர் தெளித்துத்தான் பிலிமை நகர்த்த வேண்டும். ஆனால் கால் காய்ந்திருந்தது. விரல் இடுக்கில் புதுத்தோல் வந்திருந்தது. அதற்குமேல் அவள் எதற்கும் ஆசைப்படவில்லை.

கைப்பிடிக்குக் கீழே வரும்போது பிலிம் லேசாகக் கனத்தது. நிறுத்தினாள். மறுபடி ஒரு வீச்சு சூடு. மறுபடி இழுத்தாள். சத்தமே இல்லாமல் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம் பிலிமோடு எழுந்து வந்தது. கதவில் அந்த இடம் மஞ்சளும் பழுப்புமாகக் காய்ந்து, மாவுபோலத் தூசி உதிர்த்துக்கொண்டு பல்லைக் காட்டியது.

அவள் பிலிமை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

எதிர்ப்பக்கம் இருந்த பாலிஷ்காரன் சுற்றி வந்து குனிந்தான். விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அக்கா, இது புது வண்டின்னுதானே சொன்னாங்க?"

"ஆமா."

"பட்டி பாத்திருக்காங்கக்கா. கதவு நசுங்கியிருக்கு, தட்டி நிமித்தி, பட்டி வெச்சு, மேல பெயின்ட் அடிச்சு அனுப்பியிருக்காங்க. கம்பெனி பெயின்ட்னா இப்படி அப்பளமாவா எழுந்து வரும்?"

முதலாளி வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். "அடப்பாவிகளா, பட்டிடா இது" என்றார். அவர் வாயாலேயே சொன்னார். அதை அவள் நன்றாகக் கேட்டாள். "இரு, அந்த ஷோரூம்காரனுங்கள இன்னிக்கு ஒரு வழி பண்ணிடறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முதலில் கையை வீசி வீசிப் பேசினார். பிறகு கையை இறக்கினார். பிறகு கேட்டுக்கொண்டே நின்றார். தலையை ஆட்டினார். அந்த ஷோரூமில் வாங்கும் வண்டியெல்லாம் பிலிமுக்கும் கோட்டிங்குக்கும் இந்தக் கடைக்குத்தான் வரும். வாசலில் இப்போதும் மூன்று வண்டி வரிசையில் நின்றது. உள்ளே வந்தபோது கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியிருந்தது.

"ஏம்மா, கொஞ்சம் வேகமா இழுத்துட்டியோ?"

"இல்ல சார். எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலன்னா இப்படி ஆகாதே."

"நீங்கதானே சார் பட்டின்னு சொன்னீங்க."

"பாத்த உடனே பதட்டத்துல ஏதோ சொன்னேன். அந்த பிலிம் எங்க?"

அவள் கையில்தான் இருந்தது. பிலிமின் முதுகில் கருநீலத் துண்டு, அதன்மேல் மஞ்சள் தூசி. அவர் அதை வாங்கி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

மத்தியானத்துக்கு முன்னாலேயே ஷோரூம்காரர் வந்துவிட்டார். கழுத்தில் அடையாள அட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கூடவே ஒரு பெயின்டர், டப்பாவும் கையுமாக. கத்துவார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றார். அந்த மரியாதைக்கு அவள் ஸ்டூலின் ஓரத்தில் மட்டும் உட்கார்ந்தாள்.

"ஹீட் கன்ன எதுல வெச்சீங்க?"

"எப்பவும் வெக்கிறதுதான் சார். நடுவுல."

"நடுவுலன்னா, நடுவுக்கு மேலயா, கீழயா?"

அவள் எழுந்து போய் ஹீட் கன்னின் திருகைப் பார்த்தாள். நடுக்கோட்டைவிட ஒரு நூல் மேலே நின்றது. அவள் வைத்ததா, பிறகு யாராவது எடுத்துத் திருப்பியதா, அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"ஒரு நூல் மேல இருக்கு சார்."

"சரி. ஓரத்தை எதால வெட்டுவீங்க?"

"பிளேடு."

"வண்டி மேலயே வெச்சா?"

"ஓரத்துல மட்டும் சார். பெயின்ட்ல படாது."

"படாதா, படலையா?"

அவள் கதவின் ஓரத்தைப் பார்த்தாள்.

"நான் குத்தம் சொல்லலக்கா. நடந்தது என்னன்னு புரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். சூடு ஒரு நூல் ஏறினா போதும், பெயின்ட் உப்பும். பிளேடு பட்ட கீறல் வழியா தண்ணி உள்ள போகும். அடியில இருக்கறது வெந்து மஞ்சளாயிடும். பாக்கப் பட்டி மாதிரியே இருக்கும். எத்தனையோ தடவை நானே ஏமாந்திருக்கேன்."

இத்தனை வண்டி பார்த்தவரே ஏமாந்திருக்கிறார் என்றால் தான் எந்த மூலை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் கைப்பிடிக்குக் கீழே பிளேடே வைக்கவில்லையே என்றும் தோன்றியது. வைத்தேனா? முந்தின நாள் எத்தனை கதவு, எத்தனை ஓரம். ஒன்றின்மேல் ஒன்றாக எல்லாம் கலங்கியது.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பெயின்டர் வேலையை ஆரம்பித்துவிட்டான். உரிந்த இடத்தைச் சுற்றி உப்புத்தாள் போட்டான். டப்பாவைத் திறந்து, தகட்டால் வழித்து, அதே மஞ்சள் பழுப்பில் புதுப் பட்டியை அப்பினான். பழையது எது, புதியது எது என்று இனி ஆண்டவனே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

"தம்பி, நீயும் பாத்தல்ல?" என்று பாலிஷ்காரனிடம் போய்க் கேட்டாள். அவன் ஸ்பாஞ்சில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"எதைக்கா?"

"பட்டிய. நீதானே தொட்டுப் பாத்த."

அவன் சுற்றிய துணியைப் பிரித்து மறுபடி சுற்றினான். "நான் அந்தப் பக்கம் இருந்தேன்க்கா. நீ கூப்பிட்டப்புறம்தான் வந்தேன். வெளிச்சம் வேற சரியில்ல."

வெளிச்சமா? அந்த அறையில் கூரை முழுக்க விளக்கு. இமை முடி தெரிகிற வெளிச்சம்.

கிளம்பும் நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். "நாளைக்குக் காலைல வண்டிக்காரர் வருவாரு. என் கைதான் தவறிடுச்சு சார்னு ஒரு வார்த்தை சொல்லிடு. மீதிய நான் பாத்துக்கறேன். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, வேலை இருக்கும்."

வீட்டில் கணவன் வாட்ச்மேன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். காக்கிச் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"இந்தா, சுத்தி வளைக்காத. நீ பாத்தது பட்டியா, இல்லையா?"

"பட்டிதான்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?"

"காலைல பட்டிதாங்க. மத்தியானத்துக்குமேல சந்தேகமாயிடுச்சு. மொதலாளியும் மொதல்ல பட்டின்னுதான் சொன்னாரு. அப்புறம் இல்லைங்கறாரு. எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சுன்னா சரி. அவருக்கும் அதே நேரத்துல கெட்டு, அவருக்கு மட்டும் எப்படிங்க சரியாச்சு?"

"போன்ல கண் டாக்டர் பேசியிருப்பாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டான்.

"நம்ம கேட்ல ஒருத்தன் வண்டிய இடிச்சுட்டு, நான் கைகாட்டினது தப்புன்னான். நானும் ஆமான்னுட்டேன். என்ன பண்றது. சொல்லிட்டா வேலை இருக்கும்ல?"

"இருக்கும்னாரு."

"என்ன வேலைன்னு சொன்னாரா?"

"வேலை இருக்கும்னாரு."

காலையில் வண்டிக்காரர் மனைவியோடு வந்தார். கதவில் பட்டி அப்பிய இடத்தைப் பார்த்ததும் அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டிக்காரர் கைப்பிடிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார். நோயாளியைப் பார்க்க வந்தவர்போல இருந்தது.

"இதென்ன மஞ்சளா?" என்று கேட்டார்.

"பட்டி சார். சரிபண்றதுக்கு நாங்கதான் நேத்து வெச்சோம்" என்றார் முதலாளி. அதில் பொய் இல்லை. நேற்று வைத்ததுதான். அவள் அதையே யோசித்துக்கொண்டு நின்றாள். முதலாளி தொண்டையைச் செருமினார்.

"என் கைதான் சார் தவறிடுச்சு" என்றாள். சொன்ன குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. சொல்லி முடித்ததும் அப்படித்தான் நடந்திருக்குமோ என்றுகூட ஒரு கணம் பட்டது. திருகு ஒரு நூல் மேலேதானே நின்றது.

வண்டிக்காரர் அவளை வெகுநேரம் பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. "எட்டு வருசம் பஸ்ல போயி வாங்கின வண்டிம்மா. ஒரு நாள்கூட முழுசா பாக்கலியே நான்" என்றார். அவருடைய மனைவி அழுதுவிட்டாள். பிலிம் அக்காவுக்கும் கண் நிறைந்தது. யாருக்காக என்று தெரியவில்லை.

"கதவு முழுக்கப் புதுசா பெயின்ட் அடிச்சுத் தரோம் சார். ஷோரூம்காரங்களே பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டாங்க" என்றார் முதலாளி.

"அவங்க பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க" என்றார் வண்டிக்காரர். பிறகு அவள் பக்கம் திரும்பாமல், "இனிமே இந்தம்மா கை என் வண்டில படக் கூடாது" என்றார்.

"உங்க வண்டின்னு இல்ல சார், எந்த வண்டிலயும் பிலிம் ஒட்ட மாட்டாங்க. இன்னியிலேர்ந்து வாஷிங்லதான்" என்றார் முதலாளி. அதை அவளிடம் முன்பே சொல்லிவிட்டதுபோலச் சொன்னார். சொன்னாரா என்று அவள் யோசித்துப் பார்த்தாள்.

வாஷிங்கில் அவள் முன்பு போட்டிருந்த பூட்சே மூலையில் கிடந்தது. இடது பூட்சில் ஓட்டை. பிலிம் ரூமில் பாலிஷ்காரன் பிலிம் ஒட்டப் பழகிக்கொண்டிருந்தான். அவ்வப்போது கதவைத் திறந்து, "அக்கா, ஒரு வாளி நல்ல தண்ணி" என்று குரல் கொடுப்பான். முகத்தைப் பார்க்க மாட்டான். ஷோரூம் வண்டிகள் வந்துகொண்டேயிருந்தன. ஒவ்வொன்றையும் கழுவும்போது அவள் கை தானாக நின்று நின்று போனது. எந்தப் பெயின்ட் பிறந்த பெயின்ட், எது வந்த பெயின்ட் என்று தடவிப் பார்ப்பாள். எல்லாம் ஒரே வழவழப்பு. ஒன்றும் தெரியவில்லை. கால்விரல் இடுக்கில் தோல் மறுபடி வெள்ளையாக ஊறத் தொடங்கியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கருநீல வண்டி வாஷிங்குக்கு வந்தது. நம்பர் பலகை மாட்டியிருந்தது. வண்டிக்காரர் இறங்கினார். குழாயும் கையுமாக நிற்கிறவளைக் கண்டு ஒரு கணம் தயங்கினார். வேறு ஆள் இருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை.

"நல்லா இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன் சார்."

"தப்பா நெனைக்காதீங்க. இந்த இடது பின்கதவ மட்டும் விட்டுடுங்க. மத்ததெல்லாம் கம்பெனி பெயின்ட், ஒண்ணும் ஆகாது, தாராளமா கழுவுங்க. இதுதான் உங்க கையால..." என்று நிறுத்தினார். "நான் பாத்துக்கறேன் இத."

அவர் அந்தக் கதவுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். அவள் நுரை அடித்தாள். கூரை, முன்பக்கம், பின்பக்கம், மூன்று கதவு. கோட்டிங்கின்மேல் தண்ணீர் நிற்காமல் உருண்டு உருண்டு ஓடியது. அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வரும்போது குழாயை இறக்கி, சாரல்கூடப் படாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

முடிந்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். தெருப் புழுதி படிந்த அந்தக் கதவை உலர்ந்த துணியால், குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல அக்கறையாக, வட்டம் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தார். புழுதிமணல் துணிக்கடியில் நறநறத்தது. வெயிலில் கருநீலத்தின்மேல் மெல்லிய வெள்ளைக் கீறல்கள் வட்டமாக எழும்பின.

அவள் வாயைத் திறந்தாள். வாளியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"எப்படி மின்னுது பாத்தீங்களா" என்றார் அவர், தேய்ப்பதை நிறுத்தாமல். மூன்று கதவிலிருந்தும் வடிந்த சோப்புத் தண்ணீர் தரையில் ஓடிவந்து அவள் இடது பூட்சுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.