சகலையின் இறக்கை

எங்கள் அலுவலகம் வடிவமைத்த போர் விமானத்தில் சகலைக்கு இறக்கை கிடைத்தது, எனக்குச் சக்கரம். என் மனைவியின் தங்கை கணவன் அவன். என்னைவிட ஆறு வயது இளையவன், தலையில் முடி வேறு இருந்தது. பார்வையிட வருகிற பெரிய மனிதர்கள் எல்லாம் இறக்கையின் மாதிரியைத்தான் தடவிப் பார்ப்பார்கள். சக்கரத்தை யார் தடவுவார்கள்? மேலே ஏறியதும் வயிற்றுக்குள் மடித்து ஒளித்துவிடுகிற சாமான்.

எதிரி விமானத்தைத் துரத்துவதற்கு மட்டும்தான் முதலில் எங்கள் விமானத்தை வரைந்தோம். ஐந்தாம் வருடம் விமானப்படையினர், குண்டும் போட வேண்டும், வேவும் பார்க்க வேண்டும் என்றார்கள். குண்டுகள் தொங்குவது இறக்கையில். பலப்படுத்தப் பலப்படுத்த அது கனத்தது. எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

சக்கரமும் பலப்பட வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் இத்தனை கிலோ என்று ஒதுக்கும் எடைப்பட்டியலில் ஆரம்பத்திலேயே கொஞ்சம் கூட்டி எழுதிப் பதுக்குவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற திருட்டு. என் தேவை போகவும் பதினாறு கிலோ மிச்சமிருந்தது. சகலை மட்டும் முதல் நாளே உண்மையான எடையை எழுதிக் கொடுத்த மகா யோக்கியன்.

"பதினாலு கிலோ கூடுது," என்றார் தலைமை வடிவமைப்பாளர். "வெள்ளிக்கிழமைக்குள்ள குறைக்கலன்னா இறக்கைய வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்."

அந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலும் இறக்கை அதே பதினாலு கிலோ கூடுதலாகத்தான் இருந்தது. மேசைக்கு அடியில் சகலையின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

"எங்கிட்ட இருக்கு சார்."

"என்ன இருக்கு?"

"பதினாலு கிலோ. சக்கரத்துல."

"அஞ்சு வருஷமா எங்க வச்சிருந்தீங்க, மடியிலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். தாங்களும் பதுக்கியிருந்தவர்கள் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தார்கள். என் ஆண்டறிக்கையில் சிவப்பு மையில் ஒரு வரி ஏறியது. இறக்கை சகலையிடமே தங்கியது.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தான். வந்ததும் வராததுமாக என் மனைவியிடம், "அண்ணி, அண்ணன் இல்லன்னா நான் காலி," என்று ஆரம்பித்தான். மறைப்பான் என்று நம்பியிருந்தேன். மறைத்திருந்தால் நன்றிகெட்டவன் என்று ஆற அமரத் திட்டியிருக்கலாம். அவனோ முழங்கால் ஆடியதைக்கூட விடாமல் நடித்துக் காட்டினான். கல்யாணமான புதிதில் பார்த்தது போல மனைவி என்னைப் பார்த்தாள். மைத்துனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் கதையைக்கூட என்னைவிட நன்றாகச் சொல்கிறான், படுபாவி.