முந்திரியக்கா

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்னு எல்லாருக்கும் தெரியும். வெக்கம்னு ஒண்ணு வரும்னு போன மாசம் வரைக்கும் எனக்கே தெரியாது.

நான் ஒரு கம்பெனி கேன்டீன்ல தலைமைச் சமையல். இருநூறு பேருக்கு மதியச் சாப்பாடு. அங்க எனக்குப் பேரு முந்திரியக்கா. புதன்கிழமை புதன்கிழமை நான் வைக்கிற காலிஃப்ளவர் கிரேவிதான் காரணம். வீட்டுல இருந்து டப்பா கட்டிட்டு வர்றவங்ககூட அன்னைக்குத் தட்டைத் தூக்கிட்டு வரிசையில நிப்பாங்க. "முந்திரியை அள்ளிக் கொட்டுறீங்களேக்கா!"ம்பாரு மேனேஜர். நானும் பல்லைக் காட்டிட்டு நிப்பேன்.

அந்த கிரேவியில முந்திரி கிடையாது. பதினொரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் முந்திரி வந்து சேரலை. அலமாரியில வேர்க்கடலை இருந்துச்சு. வறுத்து, தோலை ஊதி, ஊற வெச்சு, மையா அரைச்சு, பால்ல கரைச்சு ஊத்தினேன். பேருக்கு மேல நாலு முந்திரியைத் தூவினேன். அன்னைக்குச் சட்டி கழுவி வெச்ச மாதிரி காலியாச்சு. மேனேஜர் அடுப்படிக்கே வந்து, "இன்னைக்கு முந்திரி தூக்கல்"ன்னாரு. ஆமான்னுட்டேன். அந்த ஒரு 'ஆமா'வைக் கட்டிக் காப்பாத்தத்தான், சாமான் வாங்குறதையும் என் கையிலயே வெச்சுக்கிட்டு, அடுப்படி ஆளுங்க வர்றதுக்கு முன்னாடியே போய் நானே அரைச்சு வெச்சுடுவேன்.

அப்புறம் என் பையனுக்குக் கல்யாணமாகி மருமக வந்தா. சம்பந்தம் பேசும்போதே பொண்ணு வீட்டுல சொல்லிட்டாங்க, வேர்க்கடலை ஒரு துணுக்கு பட்டாலும் இவளுக்குத் தொண்டை அடைச்சுக்கும்னு. முந்திரி, பாதாம் எல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சாம், ஒண்ணும் பண்ணாதாம். நான் நம்பலை. நம்ம காலத்துல யாருக்கு இருந்துச்சு இந்த அலர்ஜியெல்லாம்? வந்ததும் வீட்டுல இருந்த கடலை மொத்தத்தையும் பையன் தூக்கிப் போட்டான். புது மிக்சி ஜார், புதுக் கரண்டி. எதை வாங்கிட்டு வந்தாலும் இவ பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிப்பா. "என்னம்மா, பரீட்சையா?"ம்பேன். சிரிப்பா. கோவமே வராத பொண்ணு. அதுவே எனக்குக் கோவம்.

தொண்டை அடைச்சா உடனே போடுறதுக்கு இவ பையில எப்பவும் ஒரு ஊசி இருக்கும். ஒரு நாள் பையன் அதே மாதிரி மருந்தில்லாத பயிற்சி ஊசி ஒண்ணைக் கொண்டு வந்தான், பேனா மாதிரி இருந்துச்சு. "அம்மா, மூடியைக் கழட்டி, தொடையில இப்படி அழுத்தணும், பாரும்மா"ன்னான். நான் பட்டாணி உரிச்சுக்கிட்டே, "உன் பொண்டாட்டிக்கு நீயே குத்திக்கோ"ன்னேன். நிமிர்ந்துகூடப் பாக்கலை.

போன மாசம் ஒரு புதன்கிழமை, பிரஷர் மாத்திரையை வீட்டுலயே மறந்துட்டு வேலைக்குப் போய்ட்டேன். அதைக் குடுக்க மருமக கேன்டீனுக்கு வந்தா. சரியா சாப்பாட்டு நேரம். மேனேஜர் விடுவாரா? "முந்திரியக்கா மருமக சாப்பிடாம போறதா!"ன்னு கிரேவித் தட்டை அவரே அவ கையில திணிச்சாரு. வரிசை மொத்தமும் பாக்குது. அவ என் பக்கம் குனிஞ்சா.

"அத்தை, இதுல வேர்க்கடலை ஏதாவது..."

"முந்திரிம்மா, சுத்தமான முந்திரி," எனக்கு முந்தி மேனேஜர் சொல்லிட்டாரு.

அவ அவரைப் பாக்கலை. என்னையேதான் பாத்தா. பின்னாலயிருந்து ஒருத்தன், "மாமியாருக்கு மார்க் போடுறாங்கப்பா!"ன்னு கத்தினான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சுர்ருனு ஏறிச்சு. அப்போ உள்ளுக்குள்ள என்ன நினைச்சேன்னும் சொல்லிடுறேன், மறைச்சு என்ன ஆகப் போகுது. ரெண்டு வாய்தானே, ஒண்ணும் ஆகலைன்னா இந்த அலட்டலுக்கு ஒரு முடிவு வரும்னு நினைச்சேன்.

"முந்திரிதான். சாப்பிடு."

"நீங்க சொன்னா சரி, அத்தை."

கல்யாணமாகி வந்ததுல இருந்து, எதையும் படிச்சுப் பாக்காம அவ வாயில வெச்ச முதல் சாப்பாடு அதுதான்.

மூணாவது வாயில கரண்டியைக் கீழ வெச்சுட்டு உதட்டைத் தடவினா. கழுத்துல திட்டுத் திட்டா சிவந்துச்சு. "அத்தை, பை"ன்னா. குரல் அவ குரலாவே இல்லை. பையைக் கவுத்தேன், ஊசி உருண்டு விழுந்துச்சு. எடுத்துட்டேன், ஆனா எது மூடி, எது முனைன்னு தெரியலை. அன்னைக்குப் பட்டாணியைக் கீழ வெச்சுட்டு ஒரு நிமிஷம் நிமிர்ந்து பாத்திருந்தா என்னவாம்? அவளே என் கையில இருந்து பிடுங்கி, துணியோட சேர்த்துத் தொடையில குத்திக்கிட்டா. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நான் செத்துச் செத்துப் பொழைச்சேன்.

ஆஸ்பத்திரியில மூச்சு சீராச்சு. திரும்ப வந்தாலும் வரும், சாயங்காலம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்னாங்க டாக்டரம்மா. கையில அட்டையை எடுத்துக்கிட்டாங்க.

"என்ன சாப்பிட்டாங்க?"

"முந்திரி கிரேவி," கூடவே வந்திருந்த மேனேஜர் சொன்னாரு.

"வேர்க்கடலை கலந்திருக்குமா?"

"இல்லைங்க, எங்கம்மா சமைச்சது. அம்மா பாத்துதான் குடுத்திருப்பாங்க." வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்திருந்த என் பையன் சொன்னான்.

"அப்போ முந்திரியும் ஒத்துக்கலைன்னுதான் எடுத்துக்கணும். இனிமே அதையும் தொடாதீங்க."

மருமக என் கையைப் பிடிச்சா. கண்ணு ரெண்டும் இன்னும் வீங்கித்தான் இருந்துச்சு. "ஸாரி அத்தை. அத்தனை பேர் முன்னாடி உங்களுக்கு மானக்கேடா போச்சு. முந்திரியும் இப்படிப் பண்ணும்னு எனக்கே தெரியாது."

மன்னிப்பு கேக்குறா, என்கிட்ட! ஐயோ, அப்படியே தரைக்குள்ள போய்ட மாட்டோமான்னு இருந்துச்சு.

நான் வாயைத் திறக்காம இருந்தாலே போதும், எனக்காக எல்லாருமா சேர்ந்து பொய்யைச் சொல்லி முடிச்சுட்டாங்க. அப்புறம் இவ காலம் பூரா முந்திரியைக் கண்டு பயப்படுவா. அடுத்த புதன்கிழமை இவளை மாதிரி வேற ஒரு பிள்ளை வந்து தட்டை நீட்டும். டாக்டரம்மா பேனாவைத் திறந்தாங்க.

"எழுதாதீங்க,"ன்னேன். "அது முந்திரி இல்லை. வேர்க்கடலை. நான்தான் அரைச்சு ஊத்தினேன்."

"அக்கா பயத்துல என்னென்னமோ பேசுறாங்க,"ன்னு மேனேஜர் சிரிச்சாரு.

"பயமில்லை சார். பதினொரு வருஷமா வேர்க்கடலைதான். மேல தூவுறது மட்டும்தான் முந்திரி."

அவர் சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. பையன் என்னைப் பாத்தான். பெத்ததுல இருந்து அவன் என்னை அப்படிப் பாத்ததில்லை.

"அவ உன்கிட்ட கேட்டாளாம்மா?"

"கேட்டா."

மருமக என்னைப் பிடிச்சிருந்த கையை மெதுவா எடுத்துப் போர்வைக்குள்ள வெச்சுக்கிட்டா.

வேலை போகலை, அது மேனேஜரோட பெரிய மனசு. கிரேவி நின்னு போச்சு. எதுல என்ன போட்டிருக்குன்னு தினமும் பலகையில என் கையால எழுதி வைக்கிறேன். முந்திரியக்கான்னு இப்போ யாரும் கூப்பிடுறதில்லை. பயிற்சி ஊசியை எடுத்துத் தினமும் ஒரு தடவை என் தொடையிலயே அழுத்திப் பாத்துக்குறேன்.

மருமக பழையபடி பேசுறா, சிரிக்கிறா. நேத்து மத்தியானம் சூப் வெச்சேன். அவ கேக்குறதுக்கு முன்னாடியே சொன்னேன்: "கேரட், பால், சோள மாவு, மிளகு, உப்பு. வேற ஒண்ணுமில்லைம்மா." பொறுமையா நின்னு கேட்டுக்கிட்டா.

"அந்தச் சோள மாவு பாக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்க, அத்தை."

எடுத்துக் குடுத்தேன். திருப்பி வெச்சுக்கிட்டுப் படிச்சா. அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் நான் கரண்டியைப் பிடிச்சுட்டு நின்னேன்.