டெல்ஃபினோ உடைத்த பானைகள்

என் சித்தப்பா மகன் டெல்ஃபினோவுக்கு மண் பிசையத் தெரியாது. நகரத்தில் அச்சில் வார்த்த, சுடாத பானைகளை வாங்கிவந்து, அவற்றின்மேல் கோடு இழுத்து, கொட்டகையில் ஒளித்துவைத்திருந்த கரண்ட் சூளையில் சுட்டு விற்பான். விசிட்டிங் கார்டில் மட்டும் 'ஐந்து தலைமுறைப் பானைக் கலைஞர்' என்று தங்க எழுத்து. உண்மையில் மலையடியில் மண் தோண்டி, கையாலேயே பானை வனைந்துகொண்டிருந்தவள் அவன் அக்கா மெர்லிண்டா.

போன கோடை முடிவில் அவனுடைய பெரிய வாடிக்கையாளர் விட்காம் அம்மாள் டெக்சாஸிலிருந்து எங்கள் பியூப்ளோவுக்கு, அதாவது எங்கள் பூர்வகுடிக் கிராமத்துக்கு, வந்தாள். திறந்தவெளியில் வரட்டி அடுக்கிச் சுடுவதைப் பார்த்தே தீரவேண்டும் என்றாள். டெல்ஃபினோவால் மறுக்க முடியவில்லை.

"நேத்துதானே மழை பெஞ்சுது. வரட்டி ஈரமா இருக்குடா," என்றாள் மெர்லிண்டா.

"இதெல்லாம் நம்ம ரத்தத்துலயே இருக்குக்கா. நீ சும்மா இரு."

"ரத்தம் எரியாதுடா. வரட்டிதான் எரியணும்."

பற்றவைத்தான். புகைதான் வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினான். குப்பென்று பிடித்த நெருப்பில் பானைகள் ஒவ்வொன்றாக வெடித்தன. மாமா யூசேபியோ நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டு, "பானை சுடுறானா, சோளம் பொரிக்கிறானா?" என்றார்.

டெல்ஃபினோ முகத்துக் கரியைத் துடைக்காமலே, "பூமித்தாய் திருப்பி எடுத்துக்கிட்டா," என்றான். விட்காம் அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

உடைந்த பானை ஓடுகளை இடித்துப் புது மண்ணில் கலப்பது எங்கள் வழக்கம். மெர்லிண்டா கூடையோடு பொறுக்க வந்தாள்.

"தொடாதம்மா, இதெல்லாம் புனிதம். எல்லாத்தையும் நான் வாங்கிக்கறேன்," என்றாள் விட்காம் அம்மாள்.

மெர்லிண்டா வீட்டுக்குப் போய்த் தன் பானை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள்.

"ரொம்பக் கச்சிதமா இருக்கே. மெஷின்ல செஞ்சதா?"

மெர்லிண்டா பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். அவள் காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

விட்காம் அம்மாள் ஊருக்குப் போய் எல்லாரிடமும் காட்ட, உடைந்த பானைகளுக்குச் சீக்கிரமே ஆர்டர்கள் குவிந்தன. டெல்ஃபினோ அக்காவிடம் வந்து நின்றான்.

"நீ செஞ்சு மட்டும் குடுக்கா. உடைக்கிறதை நான் பாத்துக்கறேன்."

"உடைக்கிறதையும் நானே பாத்துக்கறேன். தலையைக் கிட்ட கொண்டா."

அதன்பிறகு அச்சுப் பானைகளையே சுட்டு, கொட்டகையில் சுத்தியலால் உடைக்கிறான். வியாபாரம் அமோகம்.

ஊர்த் திருவிழாவன்று மெர்லிண்டா வீட்டு வாசல் எல்லாருக்கும் திறந்திருந்தது. தம்பியும் வந்து உட்கார்ந்தான். வழக்கப்படி அவனுக்கும் சிவப்பு மிளகாய்க் கறிக்குழம்பு ஊற்றினாள். அவன் கிண்ணத்தில் மட்டும் கறி விழவில்லை.