நானே வந்து கேட்டாலும்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, எட்டு வயதுப் பெண் ஒருத்தியை நான்கு ஆண்கள் சேர்ந்து இழுத்தும் பள்ளிக்கூட பெஞ்சிலிருந்து அசைக்க முடியவில்லை. அவள் எடை பத்தொன்பது கிலோ. நால்வரில் ஒருவன் மூட்டை தூக்குகிறவன். இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்துக் கிடந்தான். வாலு என்று பேரெடுத்த அந்தப் பெண்ணோ, "தள்ளி நில்லுங்க மாமா, போர்டு மறைக்குது" என்றாள்.

அவளைக் கூட்டிப்போக ஆள் திரட்டி வந்தவள் அவளுடைய அம்மாதான். சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். போன வாரம் கொதிநீர் கொட்டி வலது கை வெந்துபோயிருந்தது. முதலாளி தங்கமான மனிதர். கை ஆறும்வரை மகளை அனுப்பு, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். வேலை போனால், குடியிருக்கும் பின்னறையும் போய்விடும்.

தப்பு அம்மாவுடையதுதான். இரண்டு வருடம் முன்பு வாலு வகுப்பிலிருந்து நழுவி நழுவி ஓடிவந்தபோது, பள்ளியை நடத்திய மதரிடம் அவள் வாயாலேயே சொன்னாள்: "இவ பத்தாவது முடிக்கிற வரைக்கும் விடாதீங்கம்மா. நானே வந்து கேட்டாலும் விடாதீங்க." பிள்ளைகளின் படிப்பென்றால் சோறு தண்ணி மறக்கிற மதர், சரி என்று வாக்குக் கொடுத்தார். போன மழைக்காலத்தில் செத்தும் போனார்.

அம்மா கல்லறைக்குப் போய் அழுதாள், திட்டினாள், கட்டுப் போட்ட கையை நீட்டிக் காட்டினாள். "இப்ப வேணாம்னு சொல்றேன்ல?" பாவம், என்ன சொல்லி என்ன. மகளை அறைக்குள் வைத்துப் பூட்டிப் பார்த்தாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. ஒன்பது மணிக்கு வாலு பெஞ்சில் இருந்தாள். நாலு மணிக்கு மணியடித்தால்தான் சாதாரணப் பிள்ளையாக எழுந்து வருவாள்.

வேலை போயிற்று, பின்னறையும் போயிற்று. கை ஆறியது, விரல்கள் மடங்கவில்லை. ஏழு வருடம் அவள் இடது கையால் ஊரார் வீட்டுப் படிக்கட்டுகளைத் துடைத்தாள். வாலு பத்தாவது முடித்த அன்று, பெஞ்சு அவளை விட்டுவிட்டது.

பிறகு மதரைப் புனிதராக்க விசாரணை வந்தது. நோட்டும் கையுமாக வந்த குருவானவர் அம்மாவிடம், மதர் உனக்குச் செய்த புதுமை, அற்புதம், என்னம்மா என்று கேட்டார். அவள் மடங்காத வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் கேட்டதத்தான் செஞ்சாங்க, சாமி" என்றாள்.

அவளுக்குப் பேனா பிடிக்க வராததால் வாலுவே அதை நோட்டில் எழுதி, கீழே அம்மாவின் பேரையும் போட்டாள்.